ஓரம் நறுக்கிய வாக்னர்: பழைய பேஸ்பால் கார்டு சேர்க்கத் தொடங்குபவருக்கு ஒரு நிகழ்வு ஆய்வு

2013 அக்டோபரில் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் பில் மாஸ்ட்ரோ குற்றத்தை ஒப்புக்கொண்டார். அமெரிக்க விளையாட்டுப் பழம்பொருள் ஏலத்தில் அவரைவிடப் பெரிய பெயர் ஒரு காலத்தில் கிடையாது. தன் ஏலங்களில் ஆள் வைத்துப் பொய்யாக விலை கேட்கச் செய்து, விலையை ஏற்றிவிட்டார் என்பது வழக்கின் மையம். கூடவே இன்னொன்றையும் அவர் ஒப்புக்கொண்டார். உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட பேஸ்பால் கார்டான ஹோனஸ் வாக்னர் கார்டின் பக்கவாட்டு ஓரங்களைத் தானே நறுக்கியதையும், விற்கும்போது அதைச் சொல்லாமல் மறைத்ததையும்.

அந்தக் கார்டு அதற்குள் 28 லட்சம் டாலர் வரை விலை போயிருந்தது. கெட்டிப் பிளாஸ்டிக் உறையில், 10க்கு 8 என்ற தர எண்ணோடு, பேஸ்பால் கார்டுகளின் அரசன் மாதிரி ஊர் ஊராகக் காட்சிக்குப் போய்வந்திருந்தது.

புதிதாகக் கார்டு சேர்க்க வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கார்டு வாங்கலாம், என்ன விலை ஆகும்?" என்றுதான். அந்தக் கேள்விக்கு முன்னால் இந்த ஒரு கார்டின் வரலாற்றை முழுக்கத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். கோடிக்கணக்கில் பணம் உள்ளவர்களும், பெரிய ஏல நிறுவனங்களும், தர மதிப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து பார்த்த ஒரு கார்டில் நடந்த விஷயம், சில பத்து டாலருக்கு நாம் வாங்கும் கார்டிலும் நடக்கக்கூடியதுதான். பார்க்கத் தெரிந்த கண் இரண்டுக்கும் ஒன்றே.

கார்டின் பிறப்பு

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பெட்டிகளுக்குள் சின்னச் சின்ன அட்டைகளை வைத்து விற்றது. பெட்டி நசுங்காமல் இருக்க அட்டை ஒன்று தேவைதான்; அதில் ஆட்டக்காரர் படத்தை அச்சிட்டால் வாங்குபவர் அடுத்த பெட்டியையும் தேடி வருவார். 520க்கும் மேற்பட்ட வெவ்வேறு கார்டுகள். அகலம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, உயரம் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். முன்பக்கம் புகைப்படத்தைப் பார்த்து வரைந்த வண்ணக் கல்லச்சுப் படம், சுற்றிலும் வெள்ளை ஓரம், கீழே பழுப்பு மையில் பெயரும் ஊரும். பின்பக்கம் சிகரெட் விளம்பரம். பீட்மான்ட், ஸ்வீட் கேப்ரல், போலார் பேர், ஓல்ட் மில் என்று 16 பிராண்டுகளின் பின்பக்கங்கள் உண்டு.

இந்த வரிசைக்கு டி206 என்று பெயர் வைத்தவர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் ஊரில் மின்பொருள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மூட்டுவாதம் விரல்களைப் பிடித்துக்கொண்ட நிலையிலும், விளம்பர அட்டைகளையெல்லாம் வகை பிரித்து எண் கொடுத்துப் பட்டியல் போட்டார். 'டி' என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டு. தன்னிடம் இருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டி முடித்தார், 1963ல் இறந்தார். இன்று நாம் ஒரு கார்டை எண் சொல்லிக் கேட்க முடிகிறதென்றால் அந்த மனிதரின் உழைப்புதான் காரணம். கார்டு சேர்ப்பவர்கள் ஏலக்காரர்களின் பெயரைவிட அவர் பெயரை அதிகம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஹோனஸ் வாக்னர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று பந்து தடுப்பவர். 1936ல் பேஸ்பாலின் கௌரவ மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்த முதல் ஐந்து பேரில் ஒருவர். தன் படத்தைச் சிகரெட் கார்டில் போட அவர் சம்மதிக்கவில்லை, அதனால் அச்சு சீக்கிரமே நின்றுபோனது. குழந்தைகள் கார்டுக்காகச் சிகரெட் வாங்கக் கூடாது என்று மறுத்தார் என்பார்கள்; பணம் தராததால் மறுத்தார் என்றும் சொல்பவர்கள் உண்டு. அவரே புகையிலை மெல்பவர் என்பதால் இந்த வாதம் நூறு வருடமாக ஓயவில்லை. எப்படியோ, இன்று உலகத்தில் இருப்பதாகத் தெரிந்தவை சுமார் 60 மட்டுமே.

கைமாறிய வரிசை

1985ல் மாஸ்ட்ரோ இந்தக் கார்டை நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 25,000 டாலருக்கு வாங்கினார். அந்தத் தொகைக்குள் வேறு சில கார்டுகளும் அடக்கம். இரண்டே வருடத்தில், 1987ல், கலிஃபோர்னியாவில் விளையாட்டுச் சாமான் கடைகள் வைத்திருந்த ஒருவருக்கு 1,10,000 டாலருக்கு விற்றார். நறுக்கல் இந்த இரண்டு கைமாற்றங்களுக்கு நடுவில்.

1991ல் சோதபீஸ் ஏலத்தில் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும், அவர் ஆடிய லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். கார்டுக்குக் 'கிரெட்ஸ்கி வாக்னர்' என்ற பெயர் அப்போது வந்ததுதான். இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலை 4,10,000. மீதி 41,000 டாலர், அதாவது 10 சதவீதம், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணம். இன்றைக்கு இந்தக் கட்டணம் பல இடங்களில் 20 சதவீதத்தைத் தொடுகிறது. ஏலத்தில் முதன்முதலாகக் கை தூக்கும் பலர் இதைக் கணக்கில் சேர்க்காமல் மாட்டிக்கொள்கிறார்கள். 100 டாலர்தான் உங்கள் எல்லை என்றால் 80ஐத் தாண்டிக் கேட்காதீர்கள்.

அதே 1991ல்தான் பி.எஸ்.ஏ. என்ற தர மதிப்பீட்டு நிறுவனம் தொடங்கியது. கார்டை அனுப்பினால் அசலா என்று பார்த்து, 1 முதல் 10 வரை எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் திருப்பித் தருவார்கள். அவர்கள் எண் போட்ட முதல் கார்டு இதுதான். வரிசை எண் 1, தரம் 8. ஓரம் நறுக்கிய கார்டுக்கு எண் தருவதில்லை என்பது அதே நிறுவனத்தின் விதி.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1995ல் வால்மார்ட் 5 லட்சம் டாலர் விலையில் பரிசுப் போட்டிக்காக வாங்கியது. 1996ல் குலுக்கலில் வென்றவர் ஃபுளோரிடாவின் அஞ்சல் ஊழியர் ஒருவர். பரிசுக்கான வருமான வரியைக் கட்ட முடியாமல் அவர் விற்க வேண்டியதாயிற்று, கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6,40,500 டாலர். 2000ல் 12.65 லட்சம். 2007 பிப்ரவரியில் 23.5 லட்சம், அதே வருடம் செப்டம்பரில் 28 லட்சம். அந்தக் கடைசி விலையைக் கொடுத்தவர் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியின் உரிமையாளர்களில் ஒருவரான கென் கென்ட்ரிக். மாஸ்ட்ரோவுக்கு 2015ல் 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஓரத்தைப் பார்ப்பது எப்படி

நறுக்கினால் என்ன ஆகும்? பழைய கார்டில் முதலில் தேய்வது முனைகள்தான். பையன்கள் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள், சுவரில் வீசி விளையாடுவார்கள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைப்பார்கள். நூறு வருடத்தில் முனை மழுங்கி, அட்டையின் அடுக்குகள் லேசாகப் பிரிந்து பஞ்சு மாதிரி நிற்கும். அந்தத் தேய்ந்த பகுதியை அரை மில்லிமீட்டர் வெட்டி எடுத்தால் புது முனை கிடைத்துவிடும். தர எண் இரண்டிலிருந்து ஐந்துக்கோ எட்டுக்கோ தாவும். விலை அதைவிடப் பெரிய தாவலாகத் தாவும். ஆசை எங்கே பிறக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

கண்டுபிடிக்க நகைக்கடைக்காரர் கண்ணில் செருகிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். கார்டின் முகத்தைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில், மேசை விளக்கின் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, தடிமனைப் பாருங்கள். தொழிற்சாலையில் பெரிய தாள்களை அடுக்கி வெட்டிய ஓரம் நூறு வருடக் காற்றும் அழுக்கும் பட்டு, முகத்தைப் போலவே மங்கியிருக்கும். மெல்லிய நார்கள் துருத்திக்கொண்டு நிற்கும். புதிதாக வெட்டிய ஓரம் உள்ளே வெளுப்பாகவும் வழவழப்பாகவும் தெரியும். கத்தி இறங்கி ஏறிய இடத்தில் லேசாக அலையடிக்கும், சில சமயம் முனைக்குப் பக்கத்தில் கொக்கி போல வளையும். நான்கு ஓரமும் ஒரே மாதிரி வயதாகியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று பக்கம் பழசாகவும் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்றும் இருந்தால் அந்தக் கார்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

அளவுகோல் வைத்து அளப்பது உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. அன்றைய தொழிற்சாலைகள் ஒரே அளவில் வெட்டவில்லை. டி206ல் கொஞ்சம் குட்டையாகவே பிறந்த அசல் கார்டுகளும் உண்டு, பெரியதாகப் பிறந்தவையும் உண்டு. வாக்னர் கார்டுகளிலேயே வழக்கத்தைவிட அகல ஓரத்தோடு வந்ததால் 'ஜம்போ' என்று பெயர் பெற்றது ஒன்று இருக்கிறது. அப்படிப் பெரியதாகப் பிறந்த கார்டை நறுக்கினால் அளவு சரியாகவே வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் ஓரத்தின் முகத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

சரி, இதை எங்கே பழகுவது? விலை உயர்ந்த கார்டில் பழக முடியாது, உறைக்குள் இருக்கும் கார்டில் ஓரம் சரியாகத் தெரியாது. உறை இல்லாத, மலிவான, மடிப்பு விழுந்த டி206 ஒன்றை வாங்குங்கள். என்னைக் கேட்டால் டாமி லீச்சில் தொடங்கச் சொல்வேன். வாக்னரோடு அதே பிட்ஸ்பர்க் அணியில் ஆடியவர். 1909 உலகத் தொடரில் டை காப்பின் டெட்ராய்ட் அணியை ஏழு ஆட்டத்தில் வென்ற அணி அது. லீச்சுக்கு இந்த வரிசையில் முகப்படம் ஒன்று, குனிந்து நிற்கும் படம் ஒன்று என இரண்டு கார்டுகள் இருக்கின்றன. ஹால் ஆஃப் ஃபேமில் இல்லாததால் விலை ஏறவில்லை. நன்றாகத் தேய்ந்த நிலையில், சாதாரண பீட்மான்ட் அல்லது ஸ்வீட் கேப்ரல் பின்பக்கத்தோடு, சில பத்து டாலர்களில் கிடைக்கும். வாக்னர் அச்சான அதே வரிசை, அதே கால அட்டை, அதே மை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் லென்ஸில் பாருங்கள், எந்த விலைப்பட்டியலும் சொல்லாதது அதில் தெரியும்.

மறுஅச்சைப் பிரித்தறியவும் இதே கார்டு ஆசிரியராகும். அசலில் கீழே இருக்கும் பெயர் எழுத்துகள் கெட்டியான பழுப்பு மையில் ஒரே கோடாக விழுந்திருக்கும். ஆட்டக்காரரின் கன்னத்திலும் சட்டையிலும் மட்டும் வண்ணப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். மறுஅச்சு என்பது முழுக் கார்டையும் படமெடுத்து அச்சிட்டது, ஆகவே எழுத்துகளும் புள்ளிகளாக உடைந்திருக்கும். தேநீரில் நனைத்து, வெயிலில் காயவைத்து, கசக்கிப் பழசாக்கிய மறுஅச்சும் இந்த ஒரு சோதனையில் மாட்டிக்கொள்ளும். கூடுதலாக, புற ஊதா விளக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காகிதங்களில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் இருட்டில் நீலமாக ஒளிரும், 1910 அட்டை ஒளிராது.

எண் போட்ட உறையை எவ்வளவு நம்பலாம்

இந்த வழக்கைக் கேட்டதும் சிலர் தர மதிப்பீடே ஏமாற்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். டை காப், கிறிஸ்டி மேத்யூசன், வால்டர் ஜான்சன் போன்ற பெரிய நட்சத்திரங்களின் கார்டைத் தொடக்கத்தில் உறையில்லாமல் வாங்கவே கூடாது. அசலா போலியா என்ற கேள்விக்கு பி.எஸ்.ஏ.வும், அதே வேலையைச் செய்யும் எஸ்.ஜி.சி. நிறுவனமும் தரும் பதில் பெரும்பாலும் நம்பத்தக்கது. திரும்ப விற்பதும் சுலபம். ஆனால் அந்த எண் ஒரு கருத்து. சில மனிதர்கள் சில நிமிடம் பார்த்துச் சொன்ன கருத்து. வாக்னர் கார்டில் அந்தக் கருத்தின் மேல் அடுத்தடுத்து வந்த ஒவ்வொருவரும் பணத்தை அடுக்கினார்கள். அடுக்கியபின் கேள்வி கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. கேள்வி கேட்டால் தன் சொத்தின் மதிப்பே குறையும். சந்தேகப் பேச்சு கார்டு வட்டாரத்தில் பல வருடம் உலவிக்கொண்டிருந்தும் விலை ஏறிக்கொண்டே போனதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நிலம் வாங்கப் போகிறவர் வில்லங்கம் பார்ப்பது போலக் கார்டுக்கும் முன்கதை பார்க்க வேண்டும். யாரிடமிருந்து வந்தது, எப்போது, முந்தைய ஏலப் படம் இருக்கிறதா, அந்தப் படத்தில் ஓரம் இப்போது இருப்பதைவிட அகலமாக இருக்கிறதா. பெரிய ஏல நிறுவனங்கள் பழைய ஏலப் படங்களைப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. கார்டில் இருக்கும் ஒரு கறையோ அச்சுப் புள்ளியோ கைரேகை மாதிரி அடையாளம் காட்டிக் கொடுத்துவிடும். ஒரே கார்டு சில வருட இடைவெளியில் ஓரம் குறைந்து, எண் கூடி வந்திருப்பதை இப்படித்தான் பலர் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சந்தையும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் எஸ்.ஜி.சி. 3 என்ற எண் பெற்ற இன்னொரு வாக்னர் 66 லட்சம் டாலருக்குப் போனது. அடுத்த வருடம் வெறும் 2 எண் பெற்ற ஒன்று 72.5 லட்சத்துக்குத் தனி விற்பனையில் கைமாறியது. கிரெட்ஸ்கி வாக்னர் 2007க்குப் பிறகு விற்பனைக்கு வராததால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் மடிந்து, தேய்ந்து, கறைபட்டு, யாரும் கைவைக்காமல் நேர்மையாக மூத்த கார்டுக்கு இவ்வளவு மதிப்பு கிடைப்பது எனக்குச் சந்தோஷமான செய்தி. தொடக்கக்காரருக்கு நல்ல செய்தியும்கூட. குறைந்த எண் உள்ள கார்டை வாங்க வெட்கப்படத் தேவையில்லை. தேய்வு அப்படியே தெரியும் கார்டு நறுக்கியதாக இருக்க வாய்ப்பு குறைவு, அதனால் ஏமாறும் வாய்ப்பும் குறைவு.

வேறு எங்கே தொடங்கலாம்

டி206 பிடிக்கவில்லை என்றால் 1933 கௌடி வரிசை இருக்கிறது. பபிள்கம்மோடு வந்த 240 கார்டுகள், அதில் பேப் ரூத்துக்கு மட்டும் நான்கு. ரூத்தை விட்டுவிட்டு மற்றவர்களைப் பாருங்கள், வண்ணம் அள்ளிக்கொண்டு போகும்.

பெரும்பாலானவர்கள் டாப்ஸ் நிறுவனத்தின் கார்டுகளில்தான் வந்து நிற்பார்கள். 1952 டாப்ஸ் 407 கார்டுகள் கொண்டது. கடைசிப் பகுதி பேஸ்பால் பருவம் முடியும் நேரத்தில் வந்ததால் விற்காமல் தேங்கியது. அந்த வரிசையை உருவாக்கிய சை பெர்கர், 1960ல் மீந்த பெட்டிகளைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டவைத்தார். அந்தப் பகுதியின் முதல் கார்டு எண் 311, நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேண்டிலுடையது. 2022ல் ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. இது மேண்டிலின் முதல் கார்டு என்று சொல்லி விற்பார்கள். உண்மையில் அவருடைய முதல் கார்டு போமன் என்ற இன்னொரு நிறுவனம் 1951ல் வெளியிட்டது. 1983ல் டாப்ஸே இந்த வரிசையை மறுஅச்சிட்டது. அளவில் சின்னது, இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். மறுஅச்சு என்று பின்பக்கத்தில் போட்டிருக்கும், அதனால் பின்பக்கத்தை மறைத்த படத்தோடு விற்பனைக்கு வந்தால் விலகிவிடுங்கள். 1950களின் டாப்ஸில் நட்சத்திரம் அல்லாதவர்களின் கார்டுகள் சில டாலருக்கே கிடைக்கின்றன, ஒரு முழு அணியைச் சேர்ப்பது கைக்கு எட்டும் காரியம்.

1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த பெட்டிகளைப் பழையது என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள். அளவுக்கு மீறி அச்சிட்டவை. எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள், அதனால் எல்லோரிடமும் இருக்கிறது.

வாங்கிய பிறகு

மெல்லிய உறை ஒன்று, அதற்கு மேல் டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை. பி.வி.சி. கலந்த பழைய பிளாஸ்டிக் பக்கங்கள் வேண்டாம், நாளடைவில் கசிந்து ஒட்டிக்கொள்ளும். வெயிலும் ஈரமும் படாத அலமாரி போதும்.

அழிப்பான் வைத்துத் தேய்க்காதீர்கள், மடிப்பை இஸ்திரி போட்டு நேராக்காதீர்கள், போன வண்ணத்தைப் பேனாவால் நிரப்பாதீர்கள். பழைய ஆல்பத்தில் பசையோடு ஒட்டிய டி206ஐச் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பதைச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள்; ரசாயனம் பட்டுவிட்டால் ஏற்பதில்லை. எல்லை எங்கே என்று இன்னும் சண்டை நடக்கிறது. அனுபவம் வரும்வரை எதையும் செய்யாமல் இருப்பதே நல்லது.

ஓரம் நறுக்கிய கார்டை வாங்கவே கூடாதா என்றும் கேட்பார்கள். தாராளமாக வாங்கலாம். விற்பவர் முன்கூட்டியே சொல்லி, விலையையும் அதற்கேற்பக் குறைத்திருந்தால், முழு விலையில் எட்டாத காப்போ மேத்யூசனோ கைக்கு வரலாம். தர நிறுவனங்கள் அப்படிப்பட்ட கார்டுக்கு எண் இல்லாமல் 'அசல், ஆனால் மாற்றம் செய்யப்பட்டது' என்ற வகையில் உறையிட்டுத் தருகின்றன. உறையில்லாமல் வாங்கினால், நறுக்கியது என்று ஒரு சின்னத் தாளில் எழுதி, விற்றவர் பெயரையும் வாங்கிய தேதியையும் சேர்த்து, மெல்லிய உறைக்கும் டாப்லோடருக்கும் நடுவில் கார்டின் பின்புறமாக வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பின் அந்தக் கார்டை எடுப்பவர் உங்கள் பிள்ளையாக இருந்தாலும், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், அதை அவர் முதலிலேயே படித்துவிடுவார்.